போலந்து ராணியின் வாயில் ஒரு ‘சரி’

போன மாதம் கார்த்திகா என்ற பெண் அபிராமபுரத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். டப்பிங்குக்கு வசனம் எழுதுகிறவள். நான் வாழ்நாளெல்லாம் செய்துவிட்டு ஓய்ந்த அதே வேலை. பழைய வெளிநாட்டுத் தொடர் ஒன்றைச் செல்போன் செயலி ஒன்றில் போடப்போகிறார்களாம். அதன் தமிழ் ஒலியைக் கேட்டுச் சரிபார்க்கிற பொறுப்பு அவளுடையது. உட்கார்ந்தும் உட்காராமலும் கேட்டாள்.

“மேடம், அந்த போலந்து ராணி சீரியல் நீங்க எழுதினதுன்னு சொன்னாங்க. அதுல ஒரே ஒரு சீன்ல மட்டும் ராணிக்கு வேற குரல் வருதே, ஏன்?”

அந்தத் தொடர் வந்து போன இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. பார்த்தவர்கள் கேட்கவில்லை. பத்திரிகையில் பாராட்டி எழுதியவர் கேட்கவில்லை. இவள் கேட்டுவிட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல ஆரம்பித்த பிறகுதான் ஆறவில்லை என்று தெரிந்தது.

தமிழ்ப் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, எங்கேயும் வேலை கிடைக்காமல் இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். தி.நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே பாத்திரக்கடை, மேலே ஸ்டூடியோ. அதை நடத்தியவர் ஜெயராமன் சார். டப்பிங் டைரக்டரும் அவர்தான். முதல் வருஷம் என்னை ஒரு வரிகூட எழுதவிடவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தைப் போடுவார். நான் வாய்களைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

“வார்த்தையைப் பாக்காதே செல்வி, வாயைப் பாரு. உதடு எங்க மூடறது, எங்க தொறக்கறது, எங்க மூச்சு வாங்கறது, அதான் நோக்குப் பாடம்” என்பார்.

இந்த வேலையில் இருக்கிற சூட்சுமம் அவ்வளவுதான். படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் நடிகர் எங்கே உதட்டை மூடுகிறாரோ அங்கே தமிழில் ப வரவேண்டும், அல்லது ம வரவேண்டும். அவர் வாய் திறந்திருக்கும்போது நாம் ‘அம்மா’ என்று எழுதினால் பார்க்கிறவர்களுக்குக் கண் உறுத்தும். எதனால் உறுத்துகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் சேனலை மாற்றிவிடுவார்கள். குரல் கொடுப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதில் ஹெட்போன், எதிரே திரை. நாங்கள் இந்தப் பக்கம்.

ஜெயராமன் சார் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். பிடித்துவிட்டால் வெறும் “ம்”. பிடிக்கவில்லை என்றால்தான் பாராட்டே வரும். “ரொம்ப நன்னாருந்தது, இன்னொண்ணு போலாமா?” என்பார். புதிதாக வருகிற பெண்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். நாலைந்து முறை இன்னொன்று போன பிறகு அழுதுவிடுவார்கள். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் கோபம் மரியாதையாக வரும். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு, “ஆகட்டும், பாக்கலாம்” என்பார். வேலை கொடுக்க வந்தவர்களிடம் மட்டும் அவருக்கு ஒரே வார்த்தை: “பண்ணிடலாம்.” எதைக் கேட்டாலும் பண்ணிடலாம். அவரிடம் தொழிலைக் கற்றுக்கொண்டேன். அந்தப் பண்ணிடலாமை மட்டும் என்னால் கடைசிவரை கற்றுக்கொள்ள முடியவில்லை.

அவருக்கு ஒரே பெண், நித்யா. பள்ளிக்கூடம் விட்டதும் சீருடையோடு நேரே ஸ்டூடியோவுக்கு வந்து குழந்தைக் குரல்கள் பேசுவாள். பூனைக்குட்டி, இளவரசன், விளம்பரத்தில் பிஸ்கட் கேட்கும் பிள்ளை, எல்லாம் அவள்தான். நான் சொல்கிற சமயத்தில் அவள் கல்லூரி முடித்திருந்தாள். பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மேற்படிப்புக்கு மைசூரில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதை எனக்குச் சொன்ன அன்றைக்கு அவள் குரலே பன்னிரண்டு வயதுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் அந்தத் தொடர் வந்தது. இடைக்காலப் போலந்தின் அரச குடும்பங்கள், பிரபுக் குடும்பங்கள், அவற்றில் பிறந்த பெண்கள் எங்கெங்கே கட்டிக்கொடுக்கப்பட்டார்கள் என்பதுதான் கதை. நாலைந்து பகுதிக்கு ஒரு பெண். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று பார்ப்பதற்காகக் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனேன். போனவள் உச்சரிப்போடு திரும்பி வந்திருக்கலாம். வரலாற்றுப் புத்தகங்களையும் எடுத்துப் படித்துவிட்டேன்.

படிக்கப் படிக்க உடம்பு எரிந்தது. அந்த நாட்டை முதலில் கிறிஸ்தவ நாடாக்கிய அரசனுக்கு ஒரு மகள். அவளை ஸ்வீடன் ராஜாவுக்குக் கொடுத்தார்கள், அவன் செத்ததும் டென்மார்க் ராஜாவுக்குப் போனாள். அவள் வயிற்றில் பிறந்த பிள்ளை இங்கிலாந்தையே ஆண்டான். அவள் பெயர் என்ன என்பதில் இன்றைக்கும் அறிஞர்களுக்குள் சண்டை. யாருக்கு மகள், யாருக்கு மனைவி, யாருக்குத் தாய் என்று எழுதிவைத்த மகானுபாவர்கள் பெயரை எழுதவில்லை. இன்னொரு சிற்றரசனின் மகளை மூன்று வயது வாக்கில் ஹங்கேரி அரண்மனைக்கு அனுப்பிவிட்டார்கள், அந்த ஊர் இளவரசனுக்கு மனைவியாக வளர்வதற்கு. இரண்டு நாட்டுக்கும் ஓர் எல்லைத் தகராறு, அதற்கு மூன்று வயதுக் குழந்தையைக் கொண்டு பஞ்சாயத்து. புத்தகத்தில் இதற்கெல்லாம் ‘நட்புறவு’ என்று தலைப்பு.

கடைசியாக வந்தவள் யாத்விகா. சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அவளை ஆஸ்திரியக் கோமகன் மகன் வில்ஹெல்முக்கு நிச்சயம் செய்து, கல்யாணம் போலவே சடங்கும் நடத்திவிட்டார்கள். பிறகு ஹங்கேரியையும் போலந்தையும் சேர்த்து ஆண்ட அவள் அப்பா இறந்துபோனார். போலந்துப் பிரபுக்கள் அவளைக் கொண்டுவந்து முடிசூட்டினார்கள். ராணி என்றுகூட இல்லை, ‘மன்னர்’ என்றே முடிசூட்டினார்கள். அப்போது அவளுக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும். சூட்டிய கையோடு பிரபுக்கள் கூடி வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள். பக்கத்து லித்துவேனியாவின் பெருங்கோமகன் யோகைலா. அவளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வயது. அவன் மதம் மாறுவான், அவன் நாடும் இந்த நாடும் சேர்ந்தால் பொது எதிரியைச் சமாளிக்கலாம். எல்லாக் கணக்கும் சரியாக வந்தது. முதலில் நிச்சயித்த வில்ஹெல்ம் தலைநகரான கிராக்கோவுக்கே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு அவள் கிளம்பினாள். கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்கள். மன்னர் என்று முடிசூட்டியவர்கள், சொந்தக் கோட்டைக் கதவைத் தாண்டிப் போக விடவில்லை.

அவள் ஒரு கோடாலியை வாங்கி, அந்தக் கதவை வெட்ட ஆரம்பித்தாள். இது பின்னால் ஒரு வரலாற்றாசிரியர் எழுதிவைத்த கதை, நடந்திருக்காது என்று சொல்கிறவர்களும் உண்டு. நடந்ததோ இல்லையோ, தொடரில் அந்தக் காட்சி இருந்தது. முதிய பிரபு ஒருவர் அவள் காலடியில் மண்டியிட்டு, நாட்டுக்காக யோகைலாவை ஏற்றுக்கொள்ளும்படி கெஞ்சுகிறார். அவள் கோடாலியைப் பிடித்தபடி தலையை ஆட்டி ஒரே ஒரு சொல் சொல்கிறாள்: ‘நியெ’. அவர்கள் மொழியில் ‘இல்லை’ என்று அர்த்தம்.

‘மாட்டேன்’ என்று எழுதினால் உதடு மூடவேண்டும். அந்தப் பெண்ணின் உதடு மூடவே இல்லை. ‘வேண்டாம்’ என்பதும் அப்படியே. வீட்டில் நடக்கும்போதும் குளிக்கும்போதும் அதே நினைப்பு. கடைசியில் பேருந்தில் மயிலாப்பூர் குளத்தைத் தாண்டும்போது கிடைத்தது: ‘ஆகாது’. வாய் திறந்தே இருக்கும், ராஜவம்சத்துக்கும் பொருந்தும், கோபமும் இருக்கிறது. ராணிக்குக் குரல் கொடுக்கப்போகிற நித்யாவிடம் எழுதிக் காட்டினேன். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “இது போறும் அக்கா” என்றாள்.

சேனலில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாளர் ரமணன் என்பவர். பதிவுக்கு முன்பு வசனத்தைப் படித்துப் பார்க்க வந்தார். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

“மேடம், இது மத்தியான ஸ்லாட். பெரியவங்க, குழந்தைங்கன்னு ஃபேமிலியா உக்காந்து பாப்பாங்க. பெரியவங்க பாத்த இடத்தை வேணாம்னு ஒரு பொண்ணு கோடாலி தூக்கினா எப்படி எடுத்துப்பாங்க?”

“சரித்திரம் சார் இது.”

“போலந்து சரித்திரம். பாக்குறவங்க தேனாம்பேட்டைல இருக்காங்க.”

அவரிடம் யோசனை தயாராக இருந்தது. வெளியே நிற்பவன் பெயரை மாற்றிவிட்டால் போதும். வில்ஹெல்முக்குப் பதிலாக யோகைலாவே வந்து நிற்கிறான். பெரியவர்கள் பார்த்த மாப்பிள்ளையையே அவள் காதலிக்கிறாள். பார்க்கிற அவசரத்தில் கதவை வெட்டுகிறாள். கிழவர் மண்டியிட்டு, முகூர்த்தம் வரைக்கும் பொறுங்கள் தாயே என்கிறார். அவளும் சம்மதித்துவிடுகிறாள்.

“லவ்வும் ஆச்சு, அரேஞ்ச்டும் ஆச்சு. யாருக்கும் மனசு கஷ்டமில்ல” என்றார்.

தொழில் பக்கமாக மறித்துப் பார்த்தேன். “சம்மதம்னு சொன்னா உதடு மூடணும் சார். அவ வாய் திறந்தே இருக்கு. ஒட்டாது.”

ஜெயராமன் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். திறக்காமலே சொன்னார்.

“‘சரி’ன்னு போடு செல்வி. உதடு மூட வேண்டாம். அளவும் சரியா இருக்கும்.”

சரியாகத்தான் இருந்தது. எனக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாரோ அதை வைத்தே அடித்தார். எந்த வாயிலும் எந்தச் சொல்லையும் வைக்கலாம் என்பது எங்கள் தொழிலில் இருக்கிற பெரிய அக்கிரமம். அன்றுவரை அது எனக்கு உறைக்கவில்லை.

“தலையை இப்படி ஆட்டறாளே சார், பாக்குறவங்களுக்குக் கண் இல்லையா?”

“நம்ம ஊர்ல எப்படி ஆட்டினாலும் சரின்னுதானே மேடம் அர்த்தம்?” என்று ரமணன் சிரித்தார். ஜெயராமன் சாரும் சிரித்தார். “பண்ணிடலாம்” என்றார்.

“நான் எழுத மாட்டேன் சார்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். என் கையிலிருந்த தாளை வாங்கி, தன் பேனாவால் ‘ஆகாது’ என்பதை அடித்துவிட்டு, அந்தக் காட்சியின் மற்ற வரிகளையும் தானே மாற்றி எழுதினார்.

வெளியே வந்து படியில் நின்றேன். சவுண்ட் இன்ஜினியர் பாபு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா மேடம், மூஞ்சியே சரியில்ல?”

சொன்னேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“உங்களுக்கு மேட்டரே தெரியாதா? நம்ம பாப்பாவ அந்த சேனல் சார் புள்ளைக்குப் பேசிக்கினு கீறாங்க. கண்ணாலம் முடிஞ்சா அவங்க வெளிநாட்டு சீரியல் மொத்தமும் நம்மகிட்டதான். பாப்பாவ ஒரு வார்த்த கேட்டாங்களா, இன்னான்னு தெர்ல.”

நித்யா ஒரு வாரமாகச் சரியாகப் பேசாமல் இருந்ததும், மைசூரைப் பற்றிப் பேச்சை எடுத்தால் நழுவியதும் அப்போதுதான் புரிந்தது. அன்று மாலை அவளிடமே கேட்டேன்.

“அடுத்த வருஷம் படிச்சுக்கலாங்கறா அக்கா. கல்யாணத்துக்கப்புறம் அவாளே படிக்க வெப்பாளாம். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். சொன்னது யார் காதுலயும் விழல” என்றாள்.

மறுநாள் ஜெயராமன் சார் தனியாக இருக்கும்போது அவர் அறைக்குப் போனேன்.

“நித்யாவைக் கேட்டீங்களா சார்?”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? நல்ல பையன். படிச்ச குடும்பம். ஜாதகம் பொருந்திருக்கு. ஸ்டூடியோவுக்கும் நன்னாருக்கும், அவளுக்கும் நன்னாருக்கும்.”

“அவ வேணாம்னு சொல்றா சார்.”

“பயத்துல எல்லாப் பொண்ணும் சொல்றதுதான்.” குரல் மெத்தென்றுதான் இருந்தது. “செல்வி, சீரியலையும் ஆத்து விஷயத்தையும் முடிச்சுப் போடாதே. நோக்குக் குடும்பம்னு ஒண்ணு இல்ல. இதெல்லாம் நோக்குப் புரியாது.”

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். இருபது வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், தேவைப்பட்டபோது எடுத்து வீசினார். அந்தப் பிரபுக்களும் இப்படித்தான் மெத்தென்று பேசியிருப்பார்கள். நாட்டுக்கு நல்லது, மதத்துக்கு நல்லது, உனக்கும் நல்லது. நல்லது என்று சொல்கிற எவனும் அவளைக் கேட்டதில்லை. கேட்டால் அவள் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இதில் எனக்குப் புரியாதது என்ன இருக்கிறது?

பதிவு நாள் வந்தது. நான் எழுதாத வசனத்துக்கு நான் எதற்கு என்று வீட்டிலேயே இருந்திருக்கலாம். நித்யாவுக்காகப் போனேன். ரமணன் சோபாவில் உட்கார்ந்திருந்தார், வருங்கால மருமகளின் குரலைக் கேட்பதற்காக.

மற்ற துண்டுகளெல்லாம் மளமளவென்று முடிந்தன. கோடாலித் துண்டு வந்தது. திரையில் அந்தப் பெண் மூச்சு வாங்குகிறாள். கண்ணாடிக்குள் நித்யாவும் மூச்சு வாங்குகிறாள். கிழவர் கெஞ்சி முடிக்கிறார். அவள் தலையை ஆட்டுகிறாள்.

“ஆகாது” என்றாள் நித்யா.

ஜெயராமன் சார் கண்ணைத் திறந்தார். மைக்கை அழுத்தி, “ரொம்ப நன்னாருந்தது. தாளைப் பாத்துக்கோ. இன்னொண்ணு போலாமா?” என்றார்.

பாபு மறுபடி ஓடவிட்டான். மறுபடி “ஆகாது.” மறுபடி ஓடவிட்டான். ஒவ்வொரு முறையும் அவள் குரல் தணிந்துகொண்டே வந்தது. நடுக்கம் போய்விட்டது. கத்தலாக இருந்தது பேச்சாக மாறியது. அந்த ராணி எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ரமணன் செல்போனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் எழுந்து கதவைத் திறந்து உள்ளே போனார். உள்ளே இருந்த மைக் ஓடிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

“என்ன எழுதிருக்கோ அதைச் சொல்லும்மா.”

“அவ அதைச் சொல்லலையேப்பா. வாயைப் பாருன்னு நீதானே சொல்லிக்குடுத்தே?”

“படத்துல இருக்கறவளுக்கு நீ வக்காலத்து வாங்க வேண்டாம்.”

“அவளுக்கு வாங்கலப்பா.”

பாபு குனிந்து என் காதருகே, “மேடம், மைக்க ஆஃப் பண்ணட்டா?” என்றான். அதற்குள் ரமணன் எழுந்துவிட்டார். “ஜெயராமன், நான் அப்புறம் கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சார் வெளியே வந்தார். நித்யாவைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, “ஆகட்டும், பாக்கலாம்” என்றார்.

மறுநாள் வடபழனியிலிருந்து வேறொரு பெண்ணை வரவழைத்து அந்தத் துண்டை மட்டும் பேசவைத்துவிட்டார். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எழுதியிருந்ததைச் சொன்னாள். முதல் தடவையிலேயே சார் “ம்” என்றாராம். பாபுதான் எனக்குப் போனில் சொன்னான். அன்றைக்கு மேல் நான் அந்தப் படி ஏறவில்லை.

சேனல்காரர்கள் சமாதானமாகிவிட்டார்கள். அவள் டப்பிங்கில் பிடிவாதம் பிடித்தது சின்னப் பெண்ணின் விளையாட்டு என்று சார் அவர்களிடம் சொல்லியிருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் காலையில், நித்யாவின் அம்மா சரோஜா எனக்குப் போன் செய்தார். அந்த அம்மாள் என்னிடம் காபி சாப்பிடறேளா என்பதற்கு மேல் ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. “கொஞ்சம் ஆத்துக்கு வந்துட்டுப் போறேளா?” என்றார்.

மயிலாப்பூரில், தெற்கு மாட வீதிக்குப் பின்பக்கம் அவர்கள் வீடு. கூடத்தில் சீர்த் தட்டுகளைத் துடைத்து அடுக்கியிருந்தார்கள். புடவை வந்திருந்தது. ஜெயராமன் சார் சமையல்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை வைத்தார்.

“நீ எதுக்கு வந்தே?”

“நான்தான் வரச்சொன்னேன்” என்று உள்ளேயிருந்து சரோஜா அம்மாளின் குரல் வந்தது. ஆள் வரவில்லை.

நித்யா வந்தாள். தட்டுகளுக்கு நடுவே நின்றாள். அவள் குரல் ஸ்டூடியோவில் கடைசி முறை இருந்தது போலவே இருந்தது.

“அப்பா, அந்த சீனுக்கு வேற பொண்ணைக் கூப்ட்டு ‘சரி’ன்னு சொல்ல வெச்சுட்டே. நாளைக்கு யாரைக் கூப்டப் போறே?”

“எல்லாம் பேசியாச்சும்மா.”

“யார் பேசினா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நித்யா என்னிடம் திரும்பி, “அக்கா, மத்தியான மைசூர் வண்டிக்கு என்னோட சென்ட்ரல் வரைக்கும் வரேளா?” என்றாள். அவள் அறைக்குப் போனேன். பெட்டி கட்டி வைத்திருந்தது. மடித்து வைத்திருந்த விதத்தைப் பார்த்தாலே அது அவள் கட்டிய பெட்டி இல்லை என்று தெரிந்தது. சரோஜா அம்மாள் சமையலறை வாசலில் நின்று புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினார். வாயைத் திறக்கவில்லை.

வாசலில் சார் குறுக்கே நிற்கவில்லை. அந்த மட்டில் நாங்கள் கோடாலி தேடவேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆட்டோ கிளம்பும்போது அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “என் பொண்ணைக் கெடுத்துட்டே.”

அதையே ஊரெல்லாம் சொன்னார். சேனல் வேலை வேறு ஸ்டூடியோவுக்குப் போனது. அதற்கும் காரணம் நான்தான். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் எனக்கு வேலை வருவது குறைந்தது. “அவங்களை வச்சா ஏதாவது வில்லங்கம் வரும்” என்று பேசிக்கொண்டார்கள். விளம்பரங்கள், காது கேளாதவர்களுக்கான எழுத்துத் துணைவரிகள் என்று கிடைத்ததைச் செய்துகொண்டு காலத்தை ஓட்டினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்குத் தாங்காமல் போனது வேறு. அந்தப் பகுதி ஒளிபரப்பான மறுநாள், பக்கத்து வீட்டுப் பெண்மணி துணி உலர்த்திக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அந்த ராணி கோடாலி எடுத்தாளே, பாத்தீங்களா? புருஷனா வரப்போறவன் மேல அவ்ளோ ஆசை! நம்ம பொண்ணுங்களுக்கு வருமா அந்தப் பாசம்?” அவரிடம் நான் என்ன சொல்வது? கதவை வெட்டியவள் பன்னிரண்டு வயதுக் குழந்தை என்றா? ஆசைப்பட்டு வெட்டவில்லை, தப்பிக்க வெட்டினாள் என்றா? யாத்விகாவைக் கடைசியில் சம்மதிக்கத்தான் வைத்தார்கள். குழந்தையில் நடந்த நிச்சயம் செல்லாது என்று அவள் வாயாலேயே எல்லார் முன்னாலும் சொல்லவைத்தார்கள். கோவிலில் சிலுவை முன்னால் அழுது, பிறகு தானாகவே மனம் மாறினாள் என்று எழுதிவைத்தார்கள். இருபத்தைந்து வயது வாக்கில் பிள்ளை பெற்றுச் செத்துப்போனாள், பிள்ளையும் தங்கவில்லை. தன் நகைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கென்று இருந்த ஒரே ஒரு ‘இல்லை’யையும் தி.நகர் சந்தில் வைத்து நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

கார்த்திகா இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தத் துண்டை மாற்றச் சொல்லி மேலே எழுதிப் பார்த்தாளாம். ‘யாருக்கும் தெரியப்போவதில்லை, அப்படியே விடுங்கள்’ என்று பதில் வந்ததாம். ஆக, இன்றைக்கும் செயலியில் அந்தக் குழந்தை தலையை ஆட்டி ஆட்டிச் ‘சரி’ சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நித்யா படித்து முடித்தாள். இப்போது அடையாறில் ஒரு சிறிய மையம் வைத்திருக்கிறாள். வாய் பேச வராது என்று கைவிட்ட பிள்ளைகள் அவளிடம் வருகிறார்கள். தனக்குப் பிடித்த ஒருவரை, முப்பது தாண்டிய பிறகு, கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவோடு பேச்சுவார்த்தை திரும்ப ஒட்டிக்கொண்டது. ஒட்டட்டும். அது அவர்கள் வீட்டு விஷயம்.

போன வாரம் ஜெயராமன் சாருக்கு எங்கள் தொழில்காரர்கள் சேர்ந்து தி.நகரில் ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். கார்த்திகா வற்புறுத்தி என்னை அழைத்துப்போனாள். சாருக்கு வயதாகிவிட்டது. மாலை மரியாதையெல்லாம் முடிந்து, ஏற்புரையில் தொழிலைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார். பிறகு மகளைப் பற்றி ஆரம்பித்தார்.

“என் பொண்ணுக்கு ஒரு பெரிய இடத்துல சம்பந்தம் வந்தது. ஸ்டூடியோவுக்கு எவ்வளவோ லாபம். ஆனா அவளுக்குப் படிக்கணும்னு ஆசை. நான் ஒரு நிமிஷம் யோசிக்கல. அவ இஷ்டத்துக்கு விட்டேன். பொண் குழந்தைகளைப் பெத்தவா எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான், விட்டுடுங்கோ.”

கூடம் முழுக்கக் கைதட்டியது. இளம் பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் நித்யா மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானாக மனம் மாறினாள் என்று எழுதியவர்கள் எல்லாம் இவரிடம் பிச்சை வாங்கவேண்டும்!

விழா முடிந்து மேடைக்கு அருகே அவரைச் சுற்றிக் கூட்டம். ஒரு பக்கம் நித்யா, ஒரு பக்கம் சரோஜா அம்மாள். நான் நகர்ந்து போய்விடத்தான் பார்த்தேன். அவர்தான் கூப்பிட்டார்.

“செல்வி! வா வா. இவாளுக்கெல்லாம் நீதான் சாட்சி. நான் சொன்னது சரிதானே?”

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். புகைப்படக்காரர்கூடக் கேமராவை என் பக்கம் திருப்பினார்.

“இல்ல சார்” என்றேன். “நீங்க விடல. அவளாப் போனா.”

அவர் சிரித்த முகம் மாறாமல் கண்ணாடியைக் கழற்றினார். யாராவது பேச்சை மாற்றமாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சரோஜா அம்மாள், அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஆமாம். பெட்டி கட்டினது நான்.”